போர்வெல் மோட்டாருக்கு யூஎம்எல் ஸ்டேட் மெஷின்: படத்திலிருந்து எஸ்டிஎம்32 போர்டு வரை

5 எச்பி த்ரீ பேஸ் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஒரு ஆட்டோ ஸ்டார்ட்டர். வேலை சின்னதாகத்தான் தெரியும்: மூன்று பேஸும் சரியாக வந்தால், மேல்தொட்டி காலியாக இருந்தால், மோட்டாரைப் போடு, தொட்டி நிறைந்தால் நிறுத்து, போரில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் (ட்ரை ரன்) நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் விடு. இதையே நேராக சி மொழியில் எழுத உட்கார்ந்தால் பதினைந்து ஃபிளாக் மாறிகளும் நான்கு அடுக்கு இஃப்-எல்ஸும் வந்து நிற்கும். பிறகு ஒருவர், "கரண்ட் போய் வரும்போது ட்ரை ரன் ஓய்வு என்ன ஆகும்?" என்று கேட்டால் அந்த சி கோடை (நிரலை) பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

அதனால் இங்கே முடிவெடுக்கும் பகுதியை நேராகக் கோடாக எழுதவில்லை. யூஎம்எல் (மென்பொருளைப் படமாக வரையும் பொது முறை) ஸ்டேட் மெஷின், அதாவது எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் எந்த நிலைக்குப் போகும் என்ற படம் வரைந்து, அதிலிருந்து சி கோடு உருவாக்கப்பட்டது. படம் வரைந்து கோடு எடுக்கக் கியூஎம் என்ற டூல், அந்தக் கோடு ஓடுவதற்குக் கியூபி/சி என்ற ஃப்ரேம்வொர்க், போர்டில் எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலர் சிப். இதே மாடலை ராப்சடி, எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட், ஐடெமிஸ் கிரியேட் எதிலும் வரையலாம். கியூஎம் எடுத்ததற்குக் காரணம், அது உருவாக்கும் கோடு மனிதர் படிக்கக்கூடியதாக இருப்பதும், 64 கிலோபைட் ஃப்ளாஷ், 20 கிலோபைட் ரேம் உள்ள சிப்பில் தாராளமாக அடங்குவதும்தான். கியூபி/சி ஜிபிஎல் (திறந்த மூல உரிமம்), வணிக உரிமம் என்று இரண்டு வழியில் கிடைக்கிறது. பெட்டியில் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் உரிமத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளவும்.

மின்பக்கம்

பழைய டிஓஎல் (மோட்டாரை நேராக லைனில் போடும்) ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய காந்த சுவிட்ச்) தன் துணை கான்டாக்ட் வழியாகத் தன்னையே பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு வயரை எடுத்துவிட வேண்டும். கன்ட்ரோலரின் ரிலே பிடித்திருக்கும் வரைதான் காயிலுக்கு மின்சாரம். போர்டு செத்தாலும் வயர் அறுந்தாலும் கான்டாக்டர் விழுந்துவிடும். பச்சை, சிவப்புப் பட்டன்கள் இப்போது போர்டுக்கு இன்புட் மட்டுமே. ஆனால் சிவப்புப் பட்டனின் இன்னொரு என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) கான்டாக்டைக் காயில் லைனில் தொடராக வைத்திருங்கள். பைமெட்டல் ஓவர்லோடு ரிலேயையும் கழற்றக் கூடாது. சாஃப்ட்வேர் கடைசிக் காவல் அல்ல.

சந்தையில் கிடைக்கும் நீல நிற சிறு ரிலே 250 வோல்ட் ஏசிக்கு மேல் தாங்காது. பல ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட். அதை நேராக இந்த ரிலேயில் கட்டினால் கான்டாக்ட் சில வாரங்களில் தீய்ந்துவிடும். காயிலை 230 வோல்ட் வகைக்கு மாற்றி, நியூட்ரலோடு கட்டுவது நல்லது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் 275 வோல்ட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் தொடராக, தீப்பொறியை அடக்க ஒரு ஸ்னப்பர்.

கரண்ட் பார்க்க எஸ்சிடி-013-000 வகை சிடி (வயரைச் சுற்றி மாட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டு போதும், ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸில் ஆர் பேஸிலும் பி பேஸிலும். 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் சிடி இது. அந்தக் கரண்டை வோல்டேஜாக்கும் பர்டன் ரெசிஸ்டர் 33 ஓம், நடுவில் 1.65 வோல்ட் பயாஸ். 1 ஆம்பியருக்கு 16.5 மில்லி வோல்ட், அதாவது 12 பிட் ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) சுமார் 20 எண். மோட்டாரின் இயல்பு கரண்ட் 8 ஆம்பியர் என்று வைத்தால், துவக்கத்தில் ஆறு மடங்கு போனாலும் உச்சம் 1.15 வோல்ட்டுக்குள் நிற்கும், ஏடிசி முட்டாது. இரண்டு சிடி ஏன் போதும் என்றால், ஆர் அல்லது பி போனால் அந்தச் சிடி பூஜ்யம் காட்டும். ஒய் போனால் மற்ற இரண்டிலும் கரண்ட் சுமார் 1.7 மடங்காவது ஏறி மிகைசுமையில் மாட்டும்.

வோல்டேஜைப் பார்த்து மட்டும் சிங்கிள் பேசிங்கை (ஓடும்போது ஒரு பேஸ் போவதை) பிடிக்க நினைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸில் தானே வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். பேஸ் உணர்வது நிற்கும்போதும் வரிசை பார்க்கவும் மட்டும்: ஒவ்வொரு பேஸிலிருந்தும் 100 கிலோ ஓம் அரை வாட் இரண்டு தொடராக, பிசி817 ஆப்டோ (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் சிப்), அதன் எல்இடிக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4007. ஆர் விளிம்பிலிருந்து ஒய் விளிம்பு 6.67 மில்லி வினாடியில் வந்தால் வரிசை சரி, 13.33 என்றால் தலைகீழ்.

எதை வரைவது, எதை விடுவது

யூஎம்எல்லில் பதினாலு வகைப் படம் உண்டு. இந்த அளவு வேலைக்கு ஸ்டேட் மெஷின் ஒன்றுதான் கோடாகும் படம். அதோடு மூன்று நான்கு சீக்வென்ஸ் படம் (செய்திகள் எந்த வரிசையில் போய்வரும் என்பது), டெஸ்ட் எழுதும்போது கைகொடுக்கும். யூஸ் கேஸ் படத்தில் முட்டை வடிவம் வரைந்து நேரம் போக்குவதில் பயனில்லை. ஏடிசி, டிஎம்ஏ (அளவுகளைத் தானாக நினைவகத்தில் சேர்ப்பது), ஆர்எம்எஸ் (ஏசி கரண்டின் பயனுறு மதிப்பு) கணக்கு, ஃபில்டர் இவற்றை மாடலுக்குள் இழுக்கவே கூடாது. அவை கையால் எழுதும் சி. ஒரு சைக்கிளுக்கு 64 சாம்பிள், பத்து சைக்கிளுக்கு ஒரு ஆர்எம்எஸ், அதாவது 200 மில்லி வினாடிக்கு ஒரு மதிப்பு. இதை ஸ்டேட் மெஷினாக்கினால் படமும் கெடும், கணக்கும் கெடும்.

மாடலுக்கும் கையால் எழுதும் கோடுக்கும் நடுவில் ஒரே எல்லை: உள்ளே வருவது நிகழ்வு, வெளியே போவது 'ரிலே ஆன்', 'ரிலே ஆஃப்', 'விளக்கு' போன்ற ஐந்தாறு ஃபங்ஷன் அழைப்பு. மாடலுக்குள் எங்கேயும் பின் எண் வரக் கூடாது. இந்த ஒரு ஒழுங்கு இருந்தால்தான் பின்னால் அதே மாடலை லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடியும்.

மாடல்

கோடில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே படிக்கத் தோதாகத் தமிழில்.

'நிறுத்தம்' ஒரு தாய்நிலை, அதாவது உள்நிலைகளை அடக்கிய பெரிய நிலை. அதனுள் தயார், காத்திருப்பு (மறுபடி போடும் முன் 30 வினாடி), வறட்சி ஓய்வு (ஒரு மணி நேரம்), பூட்டு (பச்சையை அழுத்தும் வரை). 'ஓட்டம்' இன்னொரு தாய்நிலை. அதனுள் துவக்கம், சீர் ஓட்டம். தனியாக ஒன்று 'நிற்கவில்லை'. ஓட்டத்தின் விவரம் இது ([ ] உள்ளே இருப்பது நிபந்தனை):

ஓட்டம்
நுழையும்போது / ரிலே ஆன்
வெளியேறும்போது / ரிலே ஆஃப்
பேஸ் பிழை → காத்திருப்பு
தொட்டி நிறைவு → காத்திருப்பு
சிவப்புப் பட்டன் → பூட்டு
மிகைசுமை → பூட்டு

துவக்கம் (ஓட்டத்தினுள்)
நுழையும்போது / 3 வினாடி டைமர்
வெளியேறும்போது / டைமரை நிறுத்து
நேரம் முடிந்தது [கரண்ட் 12 ஆம்பியருக்கு மேல்] → பூட்டு
நேரம் முடிந்தது [இல்லையெனில்] → சீர் ஓட்டம்

சீர் ஓட்டம் (ஓட்டத்தினுள்)
நுழையும்போது / சுமைக் கண்காணிப்பு தொடங்கு
வெளியேறும்போது / சுமைக் கண்காணிப்பு நிறுத்து
வறட்சி → வறட்சி ஓய்வு

ரிலேயைத் தொடும் இடம் மாடல் முழுக்க இரண்டே இரண்டு: ஓட்டத்தின் நுழைவும் வெளியேறலும். நாளைக்கு இன்னொருவர் புதிதாக எந்த நிலைமாற்றத்தைச் சேர்த்தாலும், ஓட்டத்தை விட்டு வெளியே போனால் ரிலே விழுந்தே தீரும். அவர் மறக்கவே முடியாது. 1987இல் டேவிட் ஹாரெல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் வடிவத்தின் அடுக்கு நிலைகள், ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 1997இல் ஏற்ற யூஎம்எல்லுக்குள் அப்படியே வந்தன. எம்பெடட் வேலைக்கு யூஎம்எல்லில் இதைவிடப் பயனுள்ள பகுதி இல்லை.

'நிறுத்தம்' தாய்நிலையில் ஒரே ஒரு நிகழ்வு: ரிலே ஆஃபாகி 1 வினாடி கழித்தும் 1 ஆம்பியருக்கு மேல் ஓடினால் 'நிற்காத கரண்ட்' வரும், உடனே 'நிற்கவில்லை' நிலைக்குப் போகும். கான்டாக்டர் முனை ஒட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும். சாஃப்ட்வேரால் அப்போது மோட்டாரை நிறுத்த முடியாது. ஹாரன் அடிக்கலாம், இருந்தால் மெயின் பிரேக்கரைத் தூரத்திலிருந்து விழவைக்கும் ஷன்ட் ட்ரிப்பைத் தட்டலாம்.

கட்டம் போட்டுப் பார்ப்பது

படம் முடிந்ததும் கோடு எடுக்க ஓடாமல், ஒரு தாளில் இடப்பக்கம் ஏழு நிலை, மேலே பத்து நிகழ்வு எழுதி 70 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'எங்கே போகும்' அல்லது 'வேண்டுமென்றே விடப்பட்டது' என்று எழுத வேண்டும். யூஎம்எல் விதிப்படி, எந்த நிலையும் கையாளாத நிகழ்வு சத்தமில்லாமல் தொலைந்துபோகும். பிழைச் செய்தி வராது. வெறுமையாக விட்ட கட்டம் எல்லாம் அப்படித் தொலையும் நிகழ்வுதான். எல்லாவற்றுக்கும் மேலான தாய்நிலையில், கையாளப்படாத நிகழ்வை எண்ணும் ஒரு கவுன்ட்டர் வைத்தால் களத்திலும் தெரியும்.

இந்தத் தாளில் மாட்டிய ஓட்டை ஒன்று. வறட்சி ஓய்வில் பச்சைப் பட்டன் வேலை செய்யாது. விளக்கு மட்டும் மின்னும். அதே ஓய்வில் சிவப்பை அழுத்தினால் பூட்டுக்குப் போகும். பூட்டிலிருந்து பச்சையை அழுத்தினால் காத்திருப்பு, முப்பது வினாடியில் தயார், உடனே மோட்டார். ஆக, சிவப்பு பிறகு பச்சை அழுத்தத் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடையாது! தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். திருத்தம்: பூட்டிலிருந்து பச்சை [ஓய்வு மீதி உண்டு] → வறட்சி ஓய்வு, [இல்லையெனில்] → காத்திருப்பு. ஓய்வு முடியும் நேரத்தை டைமரில் வைக்காமல், ஆர்டிசி (சிப்பின் உள்கடிகாரம்) கணக்கில், பேட்டரியில் நிற்கும் பேக்கப் ரெஜிஸ்டரில் எழுதினால், கரண்ட் போனாலும் அது அழியாது. போரில் ஊற்று கரண்டைக் கேட்டு ஊறுவதில்லை, அதனால் மின்தடை நேரமும் ஓய்வில் சேர்வது சரிதான். ஃப்ளாஷில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் யோசனையே வேண்டாம். இந்தச் சிப்பின் ஃப்ளாஷ் ஆயுள் 10,000 அழிப்பு. ஆர்டிசி நிற்காமலிருக்க விபேட் காலில் ஒரு 3 வோல்ட் காயின் பேட்டரி கட்ட வேண்டும்.

நிகழ்வு என்பது மாற்றம், நிலவரம் அல்ல

மாடல் வழிப் பழகுபவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

மிதவை சுவிட்ச் மாறும்போது 'தொட்டி குறைவு' என்ற நிகழ்வு ஒருமுறை வரும். மோட்டார் அப்போது வறட்சி ஓய்வில் இருந்தால் அந்த நிகழ்வு கையாளப்படாமல் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துத் தயார் நிலைக்கு வருகிறது, தொட்டி காலி. ஆனால் 'தொட்டி குறைவு' இனி வராது, ஏனென்றால் சுவிட்ச் மாறவே இல்லை. கன்ட்ரோலர் பழுதில்லாமல், விளக்கு பச்சையாக, கடைசிவரை சும்மா காத்திருக்கும். பார்ப்பவருக்கு 'சில சமயம் மோட்டார் போடுவதில்லை' என்ற வகைப் புகாராகத்தான் வந்து சேரும். மேசையில் இது எளிதில் வராது.

பேஸுக்கும் இதே கதி: போர்டு பூட் ஆவதற்கு முன்பே மூன்று பேஸும் சரியாக இருந்தால் 'பேஸ் சரி' நிகழ்வு எப்போது வரும்? சுமைக்கும் இதே கதி. துவக்கத்தின் 3 வினாடியில் கரண்டைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று விட்டோம். போர் ஏற்கெனவே வற்றியிருந்தால் அந்த 3 வினாடிக்குள்ளேயே கரண்ட் கீழே இறங்கி, 'குறைசுமை' மாற்றம் நடந்து, நிகழ்வும் வந்து தொலைந்திருக்கும். சீர் ஓட்டத்துக்குள் நுழைந்த பிறகு மாற்றம் எதுவும் இல்லை, மோட்டார் நாள் முழுக்க வெறுமனே ஓடும். ட்ரை ரன் பாதுகாப்பு எந்த நேரத்துக்குத் தேவையோ சரியாக அந்த நேரத்தில் இல்லாமல் போகிறது.

தீர்வு இரண்டு வகை. தயார், காத்திருப்பு இரண்டின் நுழைவுச் செயலிலும் இப்போதைய நிலவரத்தைப் படித்து, தேவையானால் தனக்கே ஒரு 'நினைவூட்டல்' நிகழ்வை அனுப்பிக்கொள்ள வேண்டும். நுழைவுச் செயலுக்குள்ளிருந்தே இன்னொரு நிலைக்குத் தாவ முடியாது, தாவல் நிகழ்வால்தான். சுமைக்கு வேறு வழி: கண்காணிப்பைச் சீர் ஓட்டத்தின் நுழைவில் தொடங்கி வெளியேறலில் நிறுத்துவது. தொடங்கும்போது கவுன்ட்டர் பூஜ்யம், அப்போதைய கரண்ட் எதுவோ அதிலிருந்தே எண்ணத் தொடங்கும். மேலே உள்ள மாடலில் அந்த இரண்டு வரிகள் இருப்பது இதற்காகத்தான்.

ட்ரை ரன்: மாடலிலிருந்து வெளியே தள்ளியது

ட்ரை ரன்னுக்கு முதலில் யாருக்கும் தோன்றும் படம் இது: சீர் ஓட்டத்துக்குள் 'இயல்பு', 'ஐயம்' என்று இரண்டு உள்நிலை. கரண்ட் 4.8 ஆம்பியருக்குக் கீழே போனால் ஐயம், 5 வினாடி டைமர், 5.4க்கு மேலே ஏறினால் மறுபடி இயல்பு. 60 சதவீதத்தில் இறங்கி 68 சதவீதத்தில் ஏறும் இடைவெளி இருப்பதால் எல்லையில் தத்தளிக்காது. படம் அழகாக இருக்கும். உண்மையான போரில் வேலை செய்யாது.

காரணம், போர் வற்றும்போது பம்ப் ஒரேயடியாகக் காற்றை இழுப்பதில்லை. தண்ணீரும் காற்றும் கலந்து வரும். கரண்ட் இரண்டு வினாடி 4 ஆம்பியர், ஒரு வினாடி 6, மறுபடி 4 என்று ஆடும். ஒவ்வொரு முறை 5.4ஐத் தொடும்போதும் டைமர் அழிந்து புதிதாகத் தொடங்கும். ட்ரிப் ஆகவே ஆகாது.

அந்த இரண்டு உள்நிலைகளையும் எடுத்துவிட்டு, கையால் எழுதும் கோடில் ஒரு கசியும் கவுன்ட்டர்: 200 மில்லி வினாடிக்கு ஒருமுறை, கரண்ட் குறைவென்றால் 2 கூட்டு, இயல்பென்றால் 1 கழி (பூஜ்யத்துக்குக் கீழே போகாமல்), 50ஐத் தொட்டால் 'வறட்சி' நிகழ்வை அனுப்பு. தொடர்ந்து குறைவாக இருந்தால் 5 வினாடியில் ட்ரிப். பாதி நேரம் குறைவு என்றால் சுமார் 20 வினாடி. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டும் இறங்கினால் ட்ரிப் ஆகாது. மிகைசுமைக்கும் இதே வகைதான்: 9.6 ஆம்பியருக்கு மேல் 10 வினாடி, 12க்கு மேல் 2 வினாடி. மாடல் சிறியதானது, வேலையும் சரியானது. தொடர்ச்சியான அளவு எதையும் நிலையாக வரையும் முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

விதிப்புத்தகமும் டூலும் ஒத்துப்போகாத இடம்

யூஎம்எல் விதிப்படி வரிசை: முதலில் பழைய நிலையின் வெளியேறல், பிறகு நிலைமாற்ற அம்பில் எழுதிய செயல், கடைசியில் புதிய நிலையின் நுழைவு. கியூபி/சி இதில் வேறுபடுகிறது: அம்பில் எழுதிய செயல் முதலில், பிறகு வெளியேறல், பிறகு நுழைவு. 'வறட்சி / ட்ரிப் கரண்டைப் பதிவு செய்' என்று அம்பில் எழுதி, வெளியேறலில் கண்காணிப்பு மதிப்புகளை அழிப்பதாக வைத்தால், கியூபியில் பதிவில் 3.9 ஆம்பியர் இருக்கும்; விதிப்படி நடக்கும் வேறு டூலில் அதே மாடல் பூஜ்யத்தைப் பதிவு செய்யும். ட்ரிப் மதிப்பை நிகழ்வின் உள்ளேயே பாராமீட்டராக வைத்து அனுப்பிவிட்டால் எந்த டூலிலும் ஒன்றுதான்.

இன்னொன்று, தாய்நிலையிலிருந்து தன் சொந்த உள்நிலைக்கே போகும் அம்பு. செட்டிங்கை மாற்றியதும் 3 வினாடி மறுபடி பொறுக்கட்டும் என்று ஓட்டத்திலிருந்து துவக்கத்துக்கு ஒரு அம்பு போட்டால், 'வெளி' வகை மாற்றத்தில் ஓட்டத்தை விட்டு வெளியேறி மறுபடி நுழையும். கான்டாக்டர் விழுந்து எழும். 'உள்' வகையில் அப்படி நடக்காது. யூஎம்எல் 2 இரண்டையும் தருகிறது, கியூபி/சி உள் வகையை மட்டும் ஆதரிக்கிறது. இங்கே அது நமக்கு வசதி, ஆனால் டூல் மாற்றினால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

நேரம்

டிக் (டைமர்கள் எண்ணும் அடிப்படைத் துடிப்பு) 10 மில்லி வினாடி. 3 வினாடி என்றால் 300 டிக், பிரச்சினை இல்லை. ஒரு மணி நேரம் 3,60,000 டிக். உள்ளமைப்பில் டைமர் எண்ணியின் அகலம் 2 பைட்டாக இருந்தால் 65,535க்கு மேல் நிற்காது. மிச்சம் 32,320 டிக் மட்டும் எஞ்சி, ஓய்வு 5 நிமிடம் 23 வினாடியில் முடியும். கம்பைலர் எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் கண்டுபிடிக்கத் தாவு தீர்ந்துவிடும். எப்படியும் நீண்ட நேரத்துக்கு நிமிட நிகழ்வு ஒன்றை வைத்து ஆர்டிசியோடு ஒப்பிடுவதே மேல்.

டைமரை நிறுத்தினாலும் பழைய 'நேரம் முடிந்தது' வரலாம். டிக் இன்டரப்ட் ஏற்கெனவே அதை க்யூவில் (நிகழ்வுகள் முறைக்குக் காத்திருக்கும் வரிசை) போட்டிருந்தால், நிறுத்தும் அழைப்பு அதைத் திரும்ப எடுக்காது. ஆகவே ஒவ்வொரு நிலையின் டைமருக்கும் தனித்தனி நிகழ்வுப் பெயர் கொடுங்கள். துவக்கத்தின் நிகழ்வு காத்திருப்பில் வந்தால் தானாகவே உதாசீனமாகும். மேலே சுருக்கமாக ஒரே பெயரில் எழுதியிருந்தாலும் கோடில் அப்படி வேண்டாம்.

இதே க்யூ பற்றி இன்னொரு சொல்: ஒவ்வொரு ஆர்எம்எஸ் மதிப்பையும் நிகழ்வாக அனுப்பினால் க்யூ எப்போதாவது நிரம்பி, ஃப்ரேம்வொர்க் அசெர்ட்டில் (நடக்கக் கூடாதது நடந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சோதனை) நிற்கும். முடிவுகளை மட்டும் அனுப்பினால் 10 இடம் உள்ள க்யூவே தாராளம். செயல்களுக்குள் டிலே லூப் போடவே கூடாது. ஒரு நிகழ்வை முழுசாக முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும் என்பதால், 500 மில்லி வினாடி டிலே என்றால் அவ்வளவு நேரம் சிவப்புப் பட்டனும் காத்திருக்கும்.

ரீசெட்

கான்டாக்டர் விழும்போதும் எழும்போதும் வரும் மின் இரைச்சலில் (நாய்ஸ்) போர்டு ரீசெட் ஆவது வழக்கமான தொல்லை. மாடலின் தொடக்க அம்பு நேராகத் தயாருக்குப் போனால்: மோட்டார் போடும், நாய்ஸில் ரீசெட், மறுபடி தயார், மறுபடி மோட்டார். நிமிடத்துக்குப் பல ஸ்டார்ட். வைண்டிங் கருகிவிடும். தொடக்க அம்பு எப்போதும் காத்திருப்புக்கு, ஓய்வு மீதி இருந்தால் வறட்சி ஓய்வுக்கு. காத்திருப்பின் 30 வினாடி இன்னொரு விதத்திலும் உதவும்: செக் வால்வு கசிந்தால், நின்றவுடன் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கி பம்பைத் தலைகீழாகச் சுற்றும், அது அடங்கும் முன் மறுபடி போடுவது ஷாஃப்டுக்கு நல்லதல்ல. ஒரே லைனில் பல மோட்டார் இருந்தால் 30ஐ இடத்துக்கு இடம் மாற்றி வையுங்கள், கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழ வேண்டாம்.

ரிலே பின்னாக பிஏ15ஐயும் பிபி4ஐயும் எடுக்க வேண்டாம். ரீசெட் நேரத்தில் அவை ஜேடேக் (சிப்பைச் சோதிக்கும் இணைப்பு) பின்கள், உள்ளே புல்-அப் (பின்னை மேல் வோல்டேஜுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) உண்டு. பூட் ஆகும்போது ரிலே ஒரு துடி துடிக்கும். வேறு பின், அதில் 10 கிலோ ஓம் புல்-டவுன். அசெர்ட் விழுந்தால் கூப்பிடப்படும் ஃபங்ஷனில் முதல் வரி ரிலே ஆஃப், இரண்டாவது வரி ரீசெட். முடிவில்லா லூப்பில் நிற்கும் மாதிரிக் கோடை அப்படியே விட்டால் ரிலே பிடித்தபடியே நிற்கும்.

வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) ஐடபிள்யூடிஜி, பிரிஸ்கேலர் 64, ரீலோட் 1250, கணக்குப்படி 2 வினாடி. அதன் 40 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் 30 முதல் 60 வரை ஆடும், ஆக நிஜத்தில் 1.33 முதல் 2.67 வினாடி. டைமர் இன்டரப்டிலிருந்து அதைத் தட்டக் கூடாது. ஸ்டேட் மெஷின் ஒரு நிகழ்வை வாங்கிப் பதில் சொன்னால் மட்டும் தட்ட வேண்டும்.

கோடு உருவாக்கம்

உருவான கோடைக் கையால் திருத்தினால் அடுத்த முறை மாடலைச் சேமித்து எடுக்கும்போது திருத்தம் போய்விடும். பில்ட் ஸ்கிரிப்டே அந்த ஃபைல்களை எழுத முடியாதவையாக்கட்டும். கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் டூல்) மாடல் ஃபைலும் உருவான கோடும் இரண்டும் இருக்க வேண்டும். மாடல் ஃபைல் எக்ஸ்எம்எல். பெட்டி ஒன்றை இரண்டு கட்டம் நகர்த்தினாலும் டிஃபில் (இரு பதிப்புகளின் வேறுபாட்டில்) பல வரிகள் மாறும், அதை வைத்து ரிவ்யூ செய்ய முடியாது. உருவான சி ஃபைலின் டிஃபே ரிவ்யூவுக்கு உகந்தது. படத்தை ஒழுங்குபடுத்துவது ஒரு கமிட், நடத்தையை மாற்றுவது வேறு கமிட். ஒரே ஸ்டேட் மெஷினில் இருவர் ஒரே நேரத்தில் கை வைக்க வேண்டாம். எக்ஸ்எம்எல் மெர்ஜ் பெரும்பாலும் கண்ணீரில் முடியும்.

லேப்டாப்பிலும் பல்பிலும் சோதிப்பது

பின் எண் எதுவும் மாடலில் இல்லாததால், அதே சி ஃபைலை லினக்ஸில் கம்பைல் செய்து, 'ரிலே ஆன்' ஃபங்ஷனை ஒரு பதிவேட்டில் எழுதும் போலி ஃபங்ஷனாக மாற்றினால் போதும். டிக்கை டெஸ்ட்டே கொடுக்கட்டும். ஒரு மணி நேர ஓய்வு கண் இமைக்கும் நேரத்தில் ஓடும். 70 கட்டத்துக்கும் ஒவ்வொரு டெஸ்ட். அதோடு தற்செயல் வரிசையில் லட்சக்கணக்கான நிகழ்வுகளைக் கொட்டி, இரண்டே விதியைச் சரிபாருங்கள்: ஓட்டத்துக்கு வெளியே ரிலே ஆனில் இருக்கக் கூடாது, இரண்டு ஸ்டார்ட்டுக்கு நடுவே 30 வினாடிக்குக் குறையக் கூடாது.

போர்டைச் சோதிக்க மோட்டார் வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் வயரை சிடி வழியாக 9 சுற்றுச் சுற்றி, அதில் 100 வாட் குண்டு பல்புகளை இணையாகக் கட்டுங்கள். இரண்டு பல்பு 0.87 ஆம்பியர், சிடிக்கு அது 7.8 ஆம்பியராகத் தெரியும், இயல்பு ஓட்டம். ஒரு பல்பைக் கழற்றினால் 3.9, ஐந்து வினாடியில் வறட்சி ட்ரிப். மூன்றாவது பல்பு போட்டால் 11.7, பத்து வினாடியில் மிகைசுமை. நான்காவது 15.6, இரண்டு வினாடி. ஒரு பல்பைக் கையால் இரண்டு வினாடி அணைத்து ஒரு வினாடி போட்டு விளையாடினால் காற்று கலந்த தண்ணீரின் கரண்டும் கிடைத்துவிடும். கவுன்ட்டர் 50ஐத் தொட 10 வினாடிக்கு மேல் எடுத்தால் ஏடிசி பக்கம் பாருங்கள்.

மோட்டாரில் கட்டிய பிறகு பெயர்ப்பலகையின் ஆம்பியரை வைத்து எல்லைகளைப் போட வேண்டாம். போரின் ஆழம், குழாயின் நீளத்துக்குத் தக்கபடி ஓட்டக் கரண்ட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். தண்ணீர் நன்றாக வரும் நேரத்தில் கிளாம்ப் மீட்டரில் பத்து நிமிடம் கழித்துப் பார்த்த கரண்டுதான் 100 சதவீதம். 60, 68, 120, 150 எல்லாம் அதிலிருந்து. கோடையில் நீர்மட்டம் இறங்கிய பிறகு அதே கிளாம்ப் மீட்டரை இன்னொரு முறை போட்டுப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளவும்.